சிட்டையைக் கிழித்துப் போடாதீர்கள்

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறோம். மூன்று கவுண்டர், ஒரு சர்வர். பில்லிங் மென்பொருள் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2019-இல் ஓடுகிறது. இரவு கடை சாத்தும்போது ‘டே எண்ட்’ பொத்தானை அழுத்துவோம். அது ரீஇண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்களைப் புதிதாகக் கட்டுவது) செய்துவிட்டு டி டிரைவில் ஒரு பேக்கப் வைக்கும். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை 11.40-க்குப் பருப்பு வகைக்கு மட்டும் விலை மாற்றப் போன பையன் கடையில் உள்ள எல்லாச் சரக்குக்கும் ஒரே விலையைப் போட்டுவிட்டான். பதறிப்போய் முந்தின இரவு பேக்கப்பைத் திருப்பிப் போட்டோம். விலை சரியானது, காலையிலிருந்து போட்ட 212 பில் போய்விட்டது. நகல் தாளை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை மறுபடி அடித்தோம். இப்போது வேறு தொல்லை. ‘டிரான்சாக்‌ஷன் லாக் ஃபுல்’ என்று வந்து பில் நின்றுவிடுகிறது. டேட்டா ஃபைல் 4.2 ஜிபிதான், லாக் ஃபைல் 118 ஜிபி! சில நேரம் மூன்று கவுண்டரும் இரண்டு நிமிடம் அப்படியே உறைந்துபோகும். டி டிரைவில் இருந்த பழைய பேக்கப்புகளை அழித்து இடம் பண்ணி ஓட்டுகிறோம். லாக் வெறும் குப்பை, அழித்துவிடலாம் என்கிறார் சர்வீஸ் பார்க்க வந்தவர். அழிக்கலாமா? அன்றைக்குப் போன பில்களைக் காப்பாற்ற வழி இருந்ததா? இனி என்ன ஏற்பாடு செய்வது?

பதில்: அழிக்காதீர்கள். குப்பை என்று அவர் சொல்லும் அந்த ஃபைலுக்குள்தான் அன்று நீங்கள் தொலைத்த 212 பில்லும் இருந்தன. பழைய பேக்கப்பை மேலே போடுவதற்கு முன் அந்த லாகை ஒரு பேக்கப் எடுத்திருந்தால் 11.39 மணி நிலவரத்துக்கே திரும்பியிருக்கலாம். இன்னும் நல்ல வழியும் இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன்; கணினியில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை எழுதிய முறையை நினைத்துப் பாருங்கள். வியாபாரம் நடக்க நடக்க எல்லாம் வந்த வரிசையிலேயே சிட்டையில் ஏறும். கை ஓய்ந்தபோது சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் பதிவார். டேட்டாபேஸும் இதே வேலையைத்தான் செய்கிறது. எல்டிஎஃப் என்று முடியும் லாக் ஃபைல் சிட்டை. எம்டிஎஃப் என்று முடியும் டேட்டா ஃபைல் பேரேடு. கவுண்டரில் ‘சேவ்’ அழுத்தியதும் பில் முதலில் சிட்டையில், டிஸ்க்கில், எழுதப்படும். அது எழுதி முடிந்தால்தான் ‘சேவ் ஆகிவிட்டது’ என்ற பதில் கவுண்டருக்குப் போகும். பேரேட்டின் பக்கம் அப்போதைக்கு நினைவகத்தில் மட்டும் மாறியிருக்கும். டிஸ்க்கில் இருக்கும் பேரேட்டில் அது ஏறுவது பிறகு, நினைவகத்தில் மாறியதை டிஸ்க்குக்கு இறக்கும் ‘செக்பாயிண்ட்’ நடக்கும்போது.

மின்வெட்டில் சர்வர் பொட்டென்று அணைந்தாலும் காலையில் கணக்கு சரியாக இருப்பது இதனால்தான். சர்வீஸ் மறுபடி எழும்போது சிட்டையைப் படிக்கும். முடிந்த பில் பேரேட்டில் ஏறாமல் இருந்தால் ஏற்றும். பாதியில் நின்ற பில்லின் அரைகுறைப் பதிவு பேரேட்டில் ஏறியிருந்தால் அதை நீக்கும். அந்த நேரத்தில் சிட்டையே இல்லை என்றால்? டேட்டாபேஸ் திறக்காது. அதன் பெயருக்குப் பக்கத்தில் ‘ரெக்கவரி பெண்டிங்’ என்று நிற்கும். ‘அட்டாச் ரீபில்ட் லாக்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் டேட்டாபேஸ் ஒழுங்காக மூடப்பட்டிருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். டிஸ்க் நிரம்பித் திணறிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஒழுங்காக மூடியது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அடுத்து மிஞ்சுவது ‘ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்’. பெயரே சொல்லிவிடுகிறது. அதைச் செய்தபின் டேட்டாபேஸ் திறக்கும், பில்லும் போடலாம். ஆனால் 40 மூட்டை துவரம்பருப்பு ஸ்டாக்கில் குறைந்திருக்கும், அதற்குரிய பில் இருக்காது. இந்த ஓட்டை மார்ச் மாதம் ஆடிட்டர் கையில்தான் வெளிவரும்.

லாக் ஏன் 118 ஜிபி ஆனது? டேட்டாபேஸுக்கு ‘ரெக்கவரி மாடல்’ என்று ஓர் அமைப்பு உண்டு. ‘சிம்பிள்’ என்றால், பேரேட்டில் ஏறிவிட்ட சிட்டைப் பக்கங்களைத் துடைத்து அவற்றின் மேலேயே மறுபடி எழுதிக்கொள்ளும். ‘ஃபுல்’ என்றால், அந்தப் பக்கங்களை நீங்கள் பேக்கப் எடுத்துப் பத்திரப்படுத்தும் வரை ஒரு வரியைக்கூடத் துடைக்காது. உங்களுடையது நிச்சயம் ஃபுல். ‘சிஸ் டேட்டாபேசஸ்’ பட்டியலில் ‘லாக் ரீயூஸ் வெய்ட் டெஸ்க்’ என்ற பத்தியைப் பாருங்கள், ‘லாக் பேக்கப்’ என்று இருக்கும். லாக் பேக்கப்புக்காகக் காத்திருக்கிறேன் என்று அது சொல்கிறது. அங்கே ‘ஆக்டிவ் டிரான்சாக்‌ஷன்’ என்று இருந்தால் கதை வேறு: ஏதோ ஒரு கணினியில் முடியாத பரிவர்த்தனை திறந்தபடி கிடக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் இது: இரவு எடுக்கும் முழு பேக்கப் லாகைக் காலி செய்யாது. எத்தனை வருடம் தினமும் எடுத்தாலும் செய்யாது. லாக் பேக்கப் என்று தனியாக ஒன்று எடுத்தால்தான் காலியாகும். உங்கள் ‘டே எண்ட்’ பொத்தான் முழு பேக்கப் மட்டும் எடுக்கிறது. அதோடு ஒவ்வொரு ராத்திரியும் ரீஇண்டெக்ஸ் வேறு செய்கிறது. ஃபுல் மாடலில் ரீஇண்டெக்ஸ் என்பது இண்டெக்ஸ் முழுவதையும் லாகில் மறுபடி எழுதுவது. நாளெல்லாம் மூன்று கவுண்டரும் பில் போட்டாலும் அந்த எழுத்து அதன் பக்கத்தில் நிற்காது. 4 ஜிபி டேட்டாவுக்குத் தினசரி ரீஇண்டெக்ஸ் வீண் வேலை; ஞாயிறு இரவு மட்டும் போதும். மென்பொருள்காரரிடம் சொல்லி அந்த டிக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கவுண்டர்கள் இரண்டு நிமிடம் உறைவதற்கும் காரணம் இதே ஃபைல். லாக் ஃபைலின் வளர்ச்சி 10% என்று அமைந்திருக்க வேண்டும். 118 ஜிபி-யில் 10% என்றால் 11.8 ஜிபி. லாக் வளரும்போது அந்த இடம் முழுவதும் பூஜ்யத்தால் நிரப்பப்பட்ட பிறகுதான் எழுத்து தொடரும். நொடிக்கு 100 எம்பி எழுதும் சாதாரண ஹார்டு டிஸ்க்கில் 11,800 எம்பி நிரப்ப இரண்டு நிமிடம் ஆகும். நீங்கள் கடிதத்தில் எழுதிய அதே இரண்டு நிமிடம்.

இப்போது செய்ய வேண்டியது. 1 டிபி யுஎஸ்பி 3 எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஏன் இரண்டு என்பது பிறகு. பேக்கப் ஃபைல்களை அழிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கடை சாத்தியபின் ஒரு டிஸ்க்கைச் செருகி, முதலில் முழு பேக்கப்: ‘பேக்கப் டேட்டாபேஸ்... டு டிஸ்க்... வித் செக்சம், இனிட்’. அது முடிந்ததும் ‘பேக்கப் லாக்... வித் செக்சம், இனிட்’. செக்சம் என்றால், எழுதும்போதே பக்கங்கள் கெட்டிருக்கின்றனவா என்று சரிபார்; இனிட் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இரண்டுக்கும் ஃபைல் பெயர் வெவ்வேறாக இருக்கட்டும். லாக் பேக்கப் ஃபைலும் 100 ஜிபி-க்கு மேல் வரும். இருபது, இருபத்தைந்து நிமிடம் பொறுமையாக இருங்கள். பழைய பென் டிரைவ் எதையாவது எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் 32 அமைப்பில் வருபவை. 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அவை ஏற்காது. உங்கள் முழு பேக்கப் அந்த எல்லையில்தான் நிற்கிறது. எக்ஸ்பிரஸ் பதிப்பில் பேக்கப்பைச் சுருக்கும் வசதியும் கிடையாது. எந்த டிஸ்க் ஆனாலும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் ஃபார்மட் செய்யுங்கள்.

லாக் பேக்கப் முடிந்தபின் ஃபைல் அளவைப் பார்த்தால் அதே 118 ஜிபி இருக்கும். பயப்பட வேண்டாம். உள்ளே காலி, நோட்டின் பக்கங்களைத் துடைத்தாயிற்று, நோட்டு அதே தடிமன். இந்த ஒரு முறை மட்டும் ‘டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைல்’ கொண்டு 4 ஜிபி-க்குச் சுருக்குங்கள். ஞாயிறு ரீஇண்டெக்ஸ் நடக்கும்போது லாகுக்கு அந்த அளவு இடம் வேண்டும். முதல் முறை சுருங்காவிட்டால், எழுதிக்கொண்டிருக்கும் பக்கம் ஃபைலின் கடைசிப் பகுதியில் இருக்கிறது என்று பொருள். இன்னொரு லாக் பேக்கப் எடுத்துவிட்டு மறுபடி சுருக்குங்கள். பிறகு வளர்ச்சியை 10%-இலிருந்து 256 எம்பி என்று மாற்றுங்கள். ஷ்ரிங்கைத் தினசரி வேலையில் சேர்க்காதீர்கள். பகலில் வளர்ந்து, இரவில் சுருங்கி, மறுநாள் மறுபடி வளர்ந்தால் அந்த உறைதல்தான் திரும்ப வரும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கும் வரைகூடப் பொறுக்க முடியாத நிலை என்றால், மாடலை சிம்பிளுக்கு மாற்றி, சுருக்கி, மீண்டும் ஃபுல்லுக்கு மாற்றலாம். வேலை ஐந்து நிமிடம். ஆனால் அந்த நொடியில் லாக் சங்கிலி, அதாவது முழு பேக்கப்பிலிருந்து விடாமல் தொடரும் லாக் பேக்கப் வரிசை, அறுந்துவிடும். ஃபுல்லுக்கு மாற்றிய உடனே ஒரு முழு பேக்கப் எடுத்தால்தான் புதுச் சங்கிலி தொடங்கும். எடுக்காமல் விட்டால் பெயருக்கு ஃபுல், நடப்பு சிம்பிள்.

இனி தினசரி ஏற்பாடு. முழு பேக்கப் இரவு ஒன்று. லாக் பேக்கப் 15 நிமிடத்துக்கு ஒன்று, இரவு பகல் இரண்டிலும். நாளைக்கு 96 ஃபைல். வியாபாரம் இல்லாத நேரத்து ஃபைல்கள் மிகச் சிறியவை, இடம் அடைக்காது. இந்த ஃபைல்கள் சர்வருக்கு வெளியே பத்திரமாக இருந்தால், சர்வரே எரிந்துபோனாலும் நீங்கள் இழப்பது அதிகபட்சம் 15 நிமிடத்து பில். அதுவும் அதிகம் என்று தோன்றினால் 5 நிமிடம் வையுங்கள், சர்வருக்கு ஒரு பாரமும் இல்லை. கடைசி முழு பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கும் டிஃபரன்ஷியல் பேக்கப் என்று ஒன்றும் உண்டு. 4 ஜிபி-க்கு அது தேவையில்லாத சிக்கல்.

எக்ஸ்பிரஸில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் எஸ்கியூஎல் ஏஜெண்ட் கிடையாது. ஆகவே விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், கட்டளைகளைச் சர்வருக்கு அனுப்பும் ‘எஸ்கியூஎல்சிஎம்டி’ என்ற சிறு நிரலைக் கொண்டு ஓட்ட வேண்டும். இதில் நான்கு இடங்களில் ஏமாறுவார்கள். முதலாவது, பேக்கப்பை எழுதுவது நீங்கள் அல்ல, எஸ்கியூஎல் சர்வீஸ். உங்கள் பெயருக்கு அந்த ஃபோல்டரில் எல்லா உரிமையும் இருந்தாலும், சர்வீஸ் கணக்குக்கு எழுதும் உரிமை இல்லை என்றால் ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் எரர் 5’ வரும். அதே காரணத்தால் நீங்கள் மேப் செய்து வைத்திருக்கும் இசட் டிரைவ் அதன் கண்ணுக்குத் தெரியாது; இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுக்க வேண்டும். அடுத்தது, எஸ்கியூஎல்சிஎம்டி-க்கு ‘மைனஸ் பி’ என்ற சுவிட்சைச் சேர்க்காவிட்டால் பேக்கப் தோற்றாலும் ஷெட்யூலரில் ‘வெற்றி’ என்றே காட்டும். மாதக்கணக்கில் வெற்றி, வெற்றி என்று ஓடிக்கொண்டிருக்கும், ஃபோல்டர் காலியாக இருக்கும். மூன்றாவது, ‘யூசர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு’ என்ற தேர்வு. அது இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் போட்டு மறுபடி எழுந்த ராத்திரி பேக்கப் இருக்காது.

நான்காவது எல்லாவற்றிலும் மோசம். ஒவ்வொரு பேக்கப்பையும் ஒரே ஃபைல் பெயரில் எழுதுவது. ‘இனிட்’ என்று சொல்லாவிட்டால் புது பேக்கப் பழையதன் மேல் எழுதாது, அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஃபைலுக்குள் 60 நாள் பேக்கப் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ரெஸ்டோர் செய்யும்போது, அதாவது பேக்கப்பைத் திருப்பிப் போடும்போது, எண் எதுவும் சொல்லாவிட்டால் முதலாவதைத்தான் எடுக்கும், அதாவது 60 நாளைக்கு முந்தையதை! ‘ரெஸ்டோர் ஹெடர்ஒன்லி’ போட்டால் ஃபைலுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் வரும். உங்கள் மென்பொருள் பேக்கப் ஃபைலை இன்றே அப்படிப் பாருங்கள். புது ஏற்பாட்டில் தேதியும் நேரமும் ஃபைல் பெயரிலேயே இருக்கட்டும், வருடம், மாதம், நாள், மணி, நிமிடம் என்ற வரிசையில். பெயரை வரிசைப்படுத்தினாலே நேர வரிசை வந்துவிடும். அவசரத்தில் அந்த வரிசைதான் உங்களைக் காப்பாற்றும்.

பழைய ஃபைல்களை அழிக்கும் வேலையை விண்டோஸின் ‘ஃபோர்ஃபைல்ஸ்’ கட்டளை செய்யும். ஆனால் புது பேக்கப் வெற்றி என்று தெரிந்தபின் மட்டும் அழிக்கும்படி எழுதுங்கள். இரண்டும் தனித்தனியாக ஓடினால், பேக்கப் தோற்றுப்போன மாதத்தில் அழிக்கும் வேலை மட்டும் ஒழுங்காக நடந்து ஃபோல்டரைத் துடைத்துவிடும்.

அந்தத் தீபாவளி நாளுக்கு வருவோம். இந்த ஏற்பாடு இருந்து அதே தவறு நடந்தால் என்ன செய்வது? முதலில், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் மேல் எதையும் ரெஸ்டோர் செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். 11.39-க்குப் போனால் 11.40-க்குப் பிறகு பதிந்தது எல்லாம் போகும். கொள்முதல் பதிவு, வரவு வந்த பணம், எல்லாம். தவறியது விலைப் பத்தி ஒன்றுதான். அதை மட்டும் திருத்தினால் போதும்.

கவுண்டர்களை நிறுத்துங்கள். சாதாரணமாக ஒரு லாக் பேக்கப் எடுங்கள். கடைசி 15 நிமிடத்துக்கு உட்பட்ட எழுத்து முழுவதும் அதில் வந்துவிடும். பிறகு முந்தின இரவு முழு பேக்கப்பை வேறொரு பெயரில், ‘பழையது’ என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே சர்வரில் ரெஸ்டோர் செய்யுங்கள். இங்கே ‘மூவ்’ என்ற சொல்லைக் கொண்டு எம்டிஎஃப், எல்டிஎஃப் இரண்டுக்கும் புது ஃபைல் பெயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் டேட்டாபேஸின் ஃபைல்களோடு மோதி நிற்கும். ‘ரீப்ளேஸ்’ என்ற சொல்லைக் கையால்கூடத் தொடாதீர்கள். அன்று உங்கள் காலை வியாபாரத்தை விழுங்கியது அதுதான். முடிவில் ‘வித் நோரெக்கவரி’. இதன் பொருள்: இன்னும் லாக் வரப்போகிறது, கதவைத் திறந்து வை.

அடுத்து லாக் ஃபைல்களை நேர வரிசையில் ஒவ்வொன்றாக ‘ரெஸ்டோர் லாக்... வித் நோரெக்கவரி, ஸ்டாப்அட்’ என்று நேரத்தோடு போடுங்கள். ஸ்டாப்அட் நேரத்தை எல்லா ஃபைலுக்கும் கொடுக்கலாம். அந்த நேரம் எந்த ஃபைலுக்குள் வருகிறதோ அங்கே நிற்கும். தேதியை வருடம், மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். நாம் 5-10 என்று எழுதி அக்டோபர் 5 என்று நினைப்போம். சர்வர் மே 10 என்று எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஒரே ஒரு முறை ‘வித் ரெக்கவரி’. அவசரத்தில் இடையிலேயே ரெக்கவரி கொடுத்துவிட்டால் அதற்குமேல் ஒரு லாகையும் ஏற்காது. முழு பேக்கப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தவறு நடந்த நேரம் சரியாகத் தெரியாவிட்டால் நோரெக்கவரிக்குப் பதில் ‘ஸ்டாண்ட்பை’ கொடுங்கள். அப்போது டேட்டாபேஸைப் படித்துப் பார்த்துக்கொண்டே, விலை மாறாத நிலையா என்று சோதித்து, அடுத்த லாகை ஏற்றலாம்.

‘பழையது’ திறந்ததும் அதிலிருந்து சரக்கு எண்ணையும் விலையையும் மட்டும் எடுத்து ஓடும் டேட்டாபேஸில் திருத்தச் சொல்லுங்கள். இதை மென்பொருள்காரர் செய்யட்டும். எந்த அட்டவணையில் விலை இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். 11.40-க்கும் கவுண்டர் நின்ற நேரத்துக்கும் நடுவே தப்பு விலையில் போன பில்களை நீங்கள் பார்த்துத் திருத்துங்கள். மொத்தம் அரைமணி நேர வேலை.

ஒரு லாக் ஃபைல் நடுவே காணாமல் போனால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் பயனற்றவை. ‘எரர் 4305’ என்று வந்து, இந்த லாக் மிகவும் பிந்தையது என்று சொல்லும். காணாமல் போவதற்கு வழக்கமான காரணம், வேறு யாரோ வேறு கருவியால் ஒரு லாக் பேக்கப் எடுத்துத் தன் பென் டிரைவில் கொண்டுபோனது. யார் எப்போது எடுத்தது என்பது ‘எம்எஸ்டிபி’ டேட்டாபேஸில் ‘பேக்கப்செட்’ அட்டவணையில் பதிவாகியிருக்கும். அதில் டி என்றால் முழு பேக்கப், எல் என்றால் லாக். இடையில் கூடுதலாக எடுக்கும் முழு பேக்கப் லாக் சங்கிலியை அறுக்காது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

தவறான கட்டளை இல்லாமல் டிஸ்க்கே போனால்? அங்கேதான் டேட்டா ஒரு டிஸ்க்கிலும் லாக் வேறு டிஸ்க்கிலும் இருப்பதன் அருமை. டேட்டா டிஸ்க் செத்தாலும் லாக் டிஸ்க் உயிரோடு இருந்தால், சர்வரை அணைக்காமல் ‘பேக்கப் லாக்... வித் நோ ட்ரன்கேட்’ கொடுத்துக் கடைசி பில் வரை மீட்கலாம். வேறு டிஸ்க் என்றால் வேறு டிரைவ் எழுத்து என்று பொருள் அல்ல. சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தவை. ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’ திறந்து டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். உங்கள் பேக்கப் இத்தனை நாளும் டேட்டா இருந்த அதே டிஸ்க்கில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பில்லிங் வேகமாகட்டும் என்று யாராவது டிஸ்க் அமைப்பில் ‘ரைட் கேஷ் பஃபர் ஃப்ளஷிங்கை நிறுத்து’ என்ற பெட்டியை டிக் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள். சிட்டையில் எழுதியாயிற்று என்று டிஸ்க் பொய் சொல்ல அது வழி செய்கிறது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையாவது நாளிதழில் முன்கூட்டியே வரும்; கோடை மழையில் போகும் கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை. யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கவுண்டர்கள் ஓடும்போதே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்த இரண்டு டிஸ்க்குகள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். வாரம் ஒரு முறை மாற்றுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க், ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் சர்வரோடு சேர்ந்து பூட்டப்படும். கடைக்குள்ளேயே இருக்கும் டிஸ்க்குக்குத் தீ ஒன்று போதும்; 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயில் வீர வசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்ததை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. மாசி வீதிகளும் நெருக்கத்தில் குறைந்தவை அல்ல.

கிளவுட் வேண்டுமா என்றால், வேண்டும், ஆனால் மூன்றாவதாக. முழு பேக்கப்பை ஜிப் செய்தால் நன்றாகச் சுருங்கும். 1 ஜிபி ஆனால், 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏழு நிமிடம்கூட ஆகாது. கடவுச்சொல் போட்டு ஏற்றுங்கள், உள்ளே உங்கள் வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி எண்ணும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. அந்தக் கடவுச்சொல் சர்வரில் மட்டும் இருந்து பயனில்லை. வீட்டு பீரோவில் தாளில் எழுதி வையுங்கள். பழைய பிரதிகளை வைத்துக்கொள்ளும் வசதி இல்லாத வெறும் ‘சிங்க்’ ஃபோல்டர் பேக்கப் ஆகாது. இங்கே கெட்டது அங்கேயும் கெட்டுவிடும்.

எவ்வளவு நாள் வைப்பது? தினசரி முழு பேக்கப் 30 நாள், 4.2 ஜிபி வீதம் 126 ஜிபி. லாக் 15 நாள். மாதக் கடைசி பேக்கப் ஒரு வருடம். மார்ச் 31 இரவு எடுப்பதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த வருட ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால், கடைசித் தேதி 2025 டிசம்பர் 31 என்று கொண்டு, 2031 டிசம்பர் 31 வரை. அதோடு எஸ்கியூஎல் சர்வர் 2019-இன் நிறுவும் ஃபைலையும் சேர்த்து வையுங்கள். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது. பழையதைப் புதியதில் ஏற்றலாம். 2019 எக்ஸ்பிரஸில் டேட்டா ஃபைல் 10 ஜிபி-யைத் தாண்டக் கூடாது என்ற எல்லையும் உண்டு. லாக் அந்தக் கணக்கில் சேராது. 7 ஜிபி-யைத் தொடும்போது மென்பொருள்காரரிடம் பேச்சை எடுங்கள், 9.9-இல் அல்ல.

மாதம் ஒரு ஞாயிறு, வேறொரு கணினியில் இலவச எக்ஸ்பிரஸை நிறுவி, வீட்டில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து ரெஸ்டோர் செய்து பாருங்கள். ‘ரெஸ்டோர் வெரிஃபைஒன்லி’ ஃபைலைப் படிக்க முடிகிறதா என்று மட்டும்தான் சொல்லும்; அதை நம்பி நிறுத்தாதீர்கள். திறந்த டேட்டாபேஸில், அதன் உள்ளமைப்பைச் சோதிக்கும் ‘டிபிசிசி செக்டிபி’ கட்டளையை ஓட்டி, பிழை எதுவும் வரவில்லை என்று பாருங்கள். பிறகு கடைசி பில் எண், அன்றைய விற்பனைக் கூட்டுத்தொகை, இரண்டையும் கடை நோட்டோடு ஒப்பிடுங்கள். தினமும் காலையில் கல்லாவைத் திறக்கும்போது இரவு பேக்கப்பின் தேதியையும் அளவையும் காலண்டர் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். 4.2, 4.2, 4.21 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 1.1 ஆனால் அன்றே கேளுங்கள்.

விலை மாற்றும் உரிமையை ஒருவர் கையில் மட்டும் வையுங்கள். மொத்தமாக மாற்றும் முன் மணியைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறிப்பது சர்வரின் மணியாக இருக்கட்டும். ஸ்டாப்அட் பார்ப்பது சர்வர் கடிகாரத்தை. கவுண்டர் கணினி ஐந்து நிமிடம் முந்தி ஓடினால் அங்கே 11.40 ஆகும்போது சர்வரில் 11.35, அதை நம்பி 11.39 என்று கொடுத்தால், தப்பு விலை ஏறிய நாலு நிமிடம் கழித்துத்தான் போய் நிற்பீர்கள்.